அடுப்படியில் சொன்ன பெயர்

“ஃப்ரிட்ஜை அணைச்சிடுங்கம்மா, ஒரு மணி நேரத்துல ஒண்ணும் கெட்டுப் போயிடாது” என்று சொல்லிக்கொண்டே, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் திணிக்கிறார் டேப்பக்கா. மின்விசிறியை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. ஒலிப்பதிவுக் கருவிக்கு அடியில் மடித்து வைக்க ஒரு துண்டு கேட்கிறார். வீட்டுக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க நிற்கிறார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் பத்து நிமிடம் இந்த அமர்க்களம்தான். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து இரண்டு லிட்டர் பால் திரிந்துபோனது. அந்த அம்மாள் இன்றைக்கும் இவரைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

டேப்பக்கா நூலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போன பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்வதை ஒரு பைத்தியம் போலச் செய்துவருகிறார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர்கள், மருத்துவமனை ஆயாக்கள், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் என்று இருநூற்றுப் பதினான்கு கேசட்டுகள். நூலகத்தின் பின்னறையில், மூன்று நூலகர்களோடு சண்டை போட்டு வாங்கிய இரும்பு அலமாரியில், செருப்புப் பெட்டிகளுக்குள் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் அந்தப் பெண்ணின் பெயர், அவள் செய்த வேலை. ‘இன்னாருடைய மனைவி’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். “அவரா வந்து பேசினாரு?”

“ஊர்ல இருக்குற பொம்பளைங்க பேசுறதையெல்லாம் காது குடுத்துக் கேப்பா. நான் காபி கேட்டா மட்டும் காது அடைச்சுக்கும்” என்கிறார் அவருடைய கணவர். காபியை அவரே போட்டுக்கொள்ளப் பழகி வெகு நாளாகிறது.

டேப்பக்காவைப் பற்றி எழுத வந்த நான், பின்னறையில் உட்கார்ந்து சில கேசட்டுகளைக் கேட்டேன். பாதிக்கு மேல் ஆண் குரல். “இவளுக்கு என்னம்மா தெரியும், நான் சொல்றேன்” என்று ஒருவர். “அதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்லீங்க” என்று இன்னொருவர், மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே. நடுநடுவே தூரத்தில் பாத்திரம் உருளும் சத்தம். கேசட் அந்தச் சத்தத்தோடு முடிகிறது.

“மெஷினைக் கூடத்துல வெச்சுட்டு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். அவங்க பேசினதெல்லாம் அடுப்படியில. இது என் மண்டைக்கு ஏற பதினாறு வருஷம் ஆச்சு” என்றார் டேப்பக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு எழுந்துபோய், பூட்டியிருந்த அலமாரியை இன்னொரு முறை பூட்டினார்.

அந்தப் பதினாறு வருடத்தில் அவரை அதிகம் அரிக்கிற கேசட் பிஸ்கட்டம்மாவுடையது. பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் முப்பது வருடம் நின்றவர் அவர். ஒரு மணி நேரப் பதிவில் ஐம்பது நிமிடம் பேசியவர், மனைவியைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்ட கணவர். பேட்டி முடிந்து பிஸ்கட்டம்மா டம்ளர் கழுவப் போக, டேப்பக்கா உதவிக்குப் பின்னாலேயே போயிருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் பிஸ்கட்டம்மா மெதுவாக ஆரம்பித்தார். பத்து மணி நேரம் நின்றே வேலை. உட்கார ஒரு முக்காலி கிடையாது. கால் வீங்கிச் செருப்பு ஏறாது. ஒருநாள் மத்தியானம் எதிரே நின்ற பெண் ஒருத்தி சட்டென்று சிவப்புப் பொத்தானை அமுக்கி, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் முக்காலி வந்தது. அவள் பெயரை பிஸ்கட்டம்மா இரண்டு மூன்று தடவை சொன்னார். அதற்குள் கூடத்திலிருந்து குரல்: “ரெண்டு டம்ளர் கழுவ இவ்வளவு நேரமா?”

“அடுத்த வாரம் மெஷினோட வரேன். இதை அப்படியே திரும்பச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்த வாரம் டேப்பக்காவின் மகளுக்குப் பிரசவம். அதற்கடுத்து வேலை மாற்றம். அப்புறம் ஏதோ ஒன்று. ஒன்பது வருடம் ஓடிப்போனது. பிஸ்கட்டம்மாவின் கணவர் காலமானார். மறு வருடமே பிஸ்கட்டம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது.

அன்றைக்கே அந்தப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

“மெஷின்ல வரப்போகுதேன்னு ஒரு தெனாவெட்டு. ஒரே ஒரு பேரு. என் காதுல விழுந்துச்சு. வெச்சுக்கத் தெரியல எனக்கு.”



சென்ற மாதம் தொழிற்சாலை பொன்விழா மலர் வெளியிட்டது. பெண்களின் சிரமத்தைக் கண்டு மனம் இளகி, நிர்வாகமே முக்காலிகள் வாங்கிப் போட்டதாக அதில் ஒரு பக்கம், படத்தோடு. அது பொய் என்று டேப்பக்கா கடிதம் போட்டார். ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பிரிவில் வருகைப் பதிவு பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கண்டுபிடித்து, முக்காலி வந்த வருடத்துப் பெயர்ப் பட்டியலை வாங்கினார். ஒரே தாளில் அறுபத்திரண்டு பெண்கள். வாசித்தால் பிஸ்கட்டம்மா தலையாட்ட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மருமகள் மாமியாரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார். “அத்தைக்கு எல்லாம் புரியும். வாய்தான் வராது” என்றார். டேப்பக்கா கட்டிலில் உட்கார்ந்து, பிஸ்கட்டம்மாவின் இடது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“பொத்தானை அமுக்கினாங்களே, அவங்க பேரு வந்தா என் கையை அமுக்குங்கம்மா.”

ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயருக்கு பிஸ்கட்டம்மாவின் முகம் மலர்ந்தது. ஒரு பெயருக்குக் கண் கலங்கியது. ஒருத்தி பெயரைக் கேட்டதும் அவர் முகத்தைச் சுளித்த சுளிப்பில் மருமகளே சிரித்துவிட்டார். ஆனால் “இவங்களா?” என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலை அசைந்தது. அறுபத்திரண்டும் முடிந்தது. டேப்பக்கா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஏழெட்டுப் பெயர்கூடப் போகவில்லை. பிஸ்கட்டம்மா கையை உருவிக்கொண்டு, தாளைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தை விரலால் தட்டினார்.

“இதுல அவங்க பேரே இல்லையா?”

ஆமாம் என்று தலை ஆடியது.

“அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாங்களா?”

பிஸ்கட்டம்மா டேப்பக்காவின் மணிக்கட்டை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தார். வாய் திறந்தது. உதடு ஏதோ ஓர் எழுத்துக்காகக் குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று மட்டும்தான் வந்தது.

டேப்பக்கா பேனாவை எடுத்தார். வெற்றுப் பக்கத்தின் உச்சியில் 1 என்று போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பேனாவை மூடாமல், முனையைத் தாளிலேயே ஊன்றி வைத்துக்கொண்டிருந்தார்.