பாஸ்போர்ட்டில் இருக்கிற முகம்

கம்பத்தில் எங்கள் கடைக்கு உரக்கடை என்று பெயர். ஆனால் உரத்தைவிட மருந்துதான் அதிகம் போகும். திராட்சைக்குச் சாம்பல் நோய், வாழைக்குக் கூன்வண்டு, நெல்லுக்குக் குருத்துப்பூச்சி என்று கொல்வதற்கு ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். கொல்கிற சரக்கை விற்றுத்தான் நாங்கள் சாப்பிட்டோம். தனியாக வந்து, "எந்த மருந்துன்னாலும் சரிக்கா" என்று கேட்கிற பெண்ணுக்கு மட்டும் நான் விற்பதில்லை. வீட்டு ஆளைக் கூட்டி வா என்று திட்டி அனுப்பிவிடுவேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

கடை லைசென்ஸ் என் பெயரில் இருந்தது. பூச்சிமருந்து விற்க அதற்கேற்ற படிப்பு வேண்டும். என் வீட்டுக்காரர் பத்தாவதோடு நின்றவர். நான் வேதியியல் படித்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பாடச் சொல்லவில்லை, சர்டிபிகேட்டைத்தான் கேட்டார்கள். சட்டம் போட்டு அதைச் சுவரில் மாட்டிவிட்டு, மூட்டை எண்ண என்னைக் குடோனுக்கு அனுப்பினார்கள். கல்லாவில் உட்கார்ந்தவர் அவர்தான். முதலாளி என்று ஊர் கூப்பிட்டதும் அவரைத்தான்.

ஒரு மருந்துக் கம்பெனி, சரக்கை அதிகம் தள்ளிய கடைக்காரர்களை பாங்காக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது. மூன்று ராத்திரி, சாப்பாடு, தங்கல் எல்லாம் அவர்கள் பாடு. எங்கள் வட்டாரத்தில் இது புதிதில்லை. போய்வந்த ஆண்கள் ஒரு மாதத்துக்கு ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு திரிவார்கள். அந்த ஊர்க் கோயிலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கம்பெனி ஆள் வந்து சொல்வதற்கு முன்பே எங்கள் வீட்டுக்காரர் தயாராகிவிட்டார். முடிக்குச் சாயம் அடித்தார். பூப்போட்ட அரைக்கால் டவுசர் வாங்கினார். கடை வாசலில் நாற்காலி போட்டு, கூட வரப்போகிற இன்னும் இரண்டு கடைக்காரர்களோடு தினமும் திட்டம் போட்டார். நான் டீ கொண்டு போனால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றி மாறும்.

சால்வையோடு வந்த கம்பெனி ஆள் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்துவிட்டுப் பேச்சை இழுத்தார். "சார், ஒரு சின்ன விசயம். போன தடவை ஆளாளுக்கு மச்சான், மாப்பிள்ளைன்னு அனுப்பி வச்சுப் பிரச்சினை ஆயிடுச்சு. இந்தத் தடவை லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் டிக்கெட்."

"அவ எங்கன போவா? கம்பம் பஸ் ஸ்டாண்டத் தாண்டுனா வழி தெரியாது. எம் பேருக்கு மாத்தி எழுதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"நான் போறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். கம்பெனி ஆளும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அத்தனை வருடம் மூட்டை எண்ணியவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

மறுநாளிலிருந்து நானும் திட்டம் போட ஆரம்பித்தேன். என் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டுக்கு அவளே விண்ணப்பித்து, மதுரை அலுவலகத்தில் தேதி வாங்கிக் கொடுத்தாள். நான் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து செல்போனில் அந்த ஊரைப் பார்த்தேன். ஆற்றில் பஸ் மாதிரி படகு ஓடியது. நம்மூர் போலவே சாமந்தியைக் குவித்து வைத்து விற்றார்கள். அன்னாசிப் பழத்துக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தந்தார்கள். கம்பெனி ஆளுக்குப் போன் போட்டு, மற்றவர்கள் போகிற கடற்கரை ஊருக்கெல்லாம் நான் வரவில்லை, மூன்று ராத்திரியும் என்னை பாங்காக்கிலேயே விட்டுவிடுங்கள் என்றேன். கொச்சியிலிருந்து விமானம் என்றார். குமுளி மலை ஏறிக் கேரளாவுக்குள் போனால் எனக்குப் பாதி வழி தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் முதல் வாரம் கேலி செய்தார். இரண்டாம் வாரம் பேச்சை நிறுத்தினார். அதன்பிறகு ஒரு நாள் என் செல்போனைப் பிடுங்கி, தராசுத் தட்டில் வைத்து எடைக்கல்லால் அடித்தார். அது தூள் தூளானது. தூளைக் கூட்டி அள்ளிவிட்டு வேறொரு செல்போன் வாங்கிக்கொண்டேன்.

அவர் கை நீட்டுவது புதிதில்லை. கல்யாணமான மாதமே தொடங்கியது. ஆனால் அதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். கடையில் நாலு பேர் பார்க்கிற முகத்தில் அடிக்க மாட்டார். முதுகு, தொடை, புஜத்தின் உள்பக்கம் என்று சேலை மூடுகிற இடமாகப் பார்த்துத்தான் அடிப்பார். மருந்து வாங்க வரும் விவசாயச் சம்சாரியைப் பார்த்ததும், "வாங்கண்ணே, தோட்டம் எப்படியிருக்கு?" என்று அதே கையைக் கூப்புவார்.

மதுரைக்குப் போகவேண்டிய தேதிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். நான் குடோனில் ஆதாரையும் சர்டிபிகேட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. முடியைப் பிடித்து இழுத்து, மூடிய கையால் முகத்தில் குத்தினார். இடது கண்ணில் ஒன்று, அதன்மேலேயே இன்னொன்று. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. யூரியா மூட்டைமேல் விழுந்தேன். விழுந்தவளை மிதித்தார்.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு எப்படிப் போறேன்னு பாக்குறேன்டி" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

அதுவரை நான் ஒருமுறைகூடத் திருப்பி அடித்ததில்லை. பொறுமையெல்லாம் ஒன்றுமில்லை, பயம்தான். அன்றைக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபத்தில் அடிப்பதாகத்தான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எந்த இடத்தில் அடித்தால் நான் வெளியே கிளம்ப மாட்டேன் என்று யோசித்துவிட்டு வந்து அடித்திருக்கிறார். மருந்தடிக்கிற பித்தளைக் குழாய்கள் மூலையில் சாத்தியிருந்தன. ஒன்றை எடுத்தேன். அவர் மறுபடி கையை ஓங்கினார். ஓங்கிய கையிலேயே என் பலத்தையெல்லாம் திரட்டி அடித்தேன். முருங்கைக் கொம்பு முறிகிற சத்தம் கேட்டது. இன்னொரு அடி தோளில். மூன்றாவதை மண்டைக்கு ஓங்கிவிட்டேன். அவர் "ஆத்தா" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்ததால் அது மருந்து அலமாரியில் பட்டுக் கண்ணாடி நொறுங்கியது. நல்ல வேளை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் மண்டையைத்தான் குறிவைத்தேன்.

அவர் அழுதார். மணிக்கட்டு ஒருபக்கமாகக் கோணித் தொங்கியது. நான் வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பிவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒற்றைக் கண்ணால் ஓட்டினேன். கடைத்தெருவே எங்களைப் பார்த்தது. வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் மதுரை பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார வந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போனாள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் படம் அங்கேயே எடுப்பார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண் என் மகள் வயதுதான். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"மேடம், வீக்கம் வத்துனதும் வாங்களேன். வேற தேதி வாங்கித் தர்றேன்."

"வேற தேதி வாங்குனா அன்னைக்கும் இப்படித்தாம்மா வருவேன். எடு."

"ரெண்டு கண்ணும் தெறந்திருக்கணும் மேடம். ஒரு கண்ணு மூடியிருக்கு."

விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தேன். விரல் படத்தில் வரக்கூடாது என்றாள். விரலை எடுத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு முழித்தேன். ஊசியால் குத்துவதுபோல வலித்தது, தண்ணீர் கொட்டியது. தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி முழித்தேன். இமைக்கு நடுவில் சிவப்பாக ஒரு கோடு திறந்தது. அது போதும் என்று அந்தப் பெண் படத்தை எடுத்துவிட்டாள். திரையில் என் முகத்தைக் காட்டினாள். கன்னம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. சரிதானா என்று கேட்டாள். சரி என்றேன். அவள்தான் அழுதாள்.

கொஞ்ச நாளில் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். என் வீக்கம் வற்றியிருந்தது. வீட்டுக்காரர் மாவுக்கட்டைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக் கல்லாவில் இருந்தார். ஏட்டு கையிலிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அந்த மாவுக்கட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன கண்ணு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "படியில விழுந்துட்டாக ஏட்டையா" என்றார். எனக்கு அவர் மரியாதை கொடுத்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

"ஓ. நீரு?"

"நானும் படியிலதான்."

"ரெண்டு பேரும் ஒரே படியிலயா?"

அக்கம்பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று அடுத்த கடைத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். நாங்கள் விழுந்த அன்றைக்குச் சத்தம் எதுவும் கேட்டதா என்று விசாரித்தார். "எந்தச் சத்தத்தக் கேக்குறீக? வாரத்துக்கு ஒண்ணு கேக்கும். அன்னைக்குத்தான் ஆம்பளச் சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஏட்டு என்னைத் தனியே குடோன் பக்கம் கூட்டிப்போனார். "புகாரு இருந்தாச் சொல்லு தாயி, இப்பவே எழுதிக்கிருதேன். ஆனா ஒண்ணு, அவரும் பதிலுக்கு ஒரு புகாரு குடுப்பாரு. அந்தக் கையிருக்கே. உம் பேர்ல கேசுன்னு வந்துட்டா பாஸ்போர்ட்ட இழுத்தடிப்பாக."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வருடக்கணக்காக வாங்கிய அடிக்கு என் உடம்பில் காட்ட ஒரு சாட்சியும் மிச்சமில்லை. நான் கொடுத்த ஓர் அடிக்கு வெள்ளைவெளேரென்று மாவுக்கட்டுச் சாட்சி இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த ஊர் கைவிட்டுப் போய்விடும். விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர்மேல் இருந்ததைவிட அந்த வார்த்தைமேல் எனக்கு அதிக வெறுப்பு இருந்தது. ஏட்டு நம்பவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார்.

பாஸ்போர்ட் தபாலில் கடைக்கே வந்தது. வீட்டுக்காரர்தான் இடது கையால் உறையைக் கிழித்துப் பிரித்தார். படம் இருந்த பக்கத்தில் அப்படியே நின்றார். கறுத்த கன்னம், கிழிந்த உதடு, சிவந்த கோடாய்த் திறந்த கண். அதற்குப் பக்கத்தில் என் பெயர், மேலே சர்க்கார் முத்திரை.

"இத மாத்த முடியாதா?"

"பத்து வருசத்துக்கு இதுதான்."

"ஏர்போர்ட்ல ஒவ்வொருத்தனும் பாப்பானே. பாங்காக்குக்காரனும் பாப்பான். கூட வர்ற கடைக்காரங்ய பூராம் பாப்பாங்யளே. என்னப் பத்தி என்ன நெனப்பாங்ய?"

அடித்ததற்கு அவர் வருத்தப்படவில்லை, படத்துக்குத்தான் வருத்தப்படுகிறார் என்று அப்போது புரிந்தது. இனி வருத்தப்படவும் மாட்டார். அது புரிந்ததும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுவரை இல்லாத ஒரு சோர்வுதான் வந்தது. புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டேன்.

குரலை இறக்கினார். "நானும் தனியா டிக்கெட் போட்டு வாறேன். புருசன் பொண்டாட்டியாப் போய்ட்டு வந்தா ஊருக்கும் நல்லது."

"வேண்டாம்."

"அப்படி என்னத்தடி பாக்கப் போற அங்கன?"

"ஒண்ணும் பாக்கல. ரூமுக்குள்ள போயி உள்பக்கம் தாப்பாப் போடணும். உங்க செருப்புச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு காதத் தீட்டிக்கிட்டுக் கெடக்காம மூணு ராத்திரி தூங்கணும். அவ்வளவுதான்."

வாசலில் ஒரு சம்சாரி வந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நான் எழுந்து அந்தச் சம்சாரிக்கு வேண்டிய மருந்தை எடுத்துக் கொடுத்து, எத்தனை லிட்டர் தண்ணீரில் கலக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். திரும்பும்போது வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"திரும்பி வருவேல்ல?"

"கடைக்கு வருவேன்" என்றேன்.

வீட்டுக்கு வருவேனா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.