சுவருக்கு அந்தப் பக்கம் துளசிபாய்

ஒத்தக்கடை துளசிபாய்க்கு யார்மீதாவது சந்தேகம் வராமல் பொழுது போகாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கரண்ட் மீட்டர் வேகமாக ஓடுகிறது, பெங்களூர் மகன் சீக்கிரம் போனை வைத்தால் மருமகள் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டியிருக்கிறாள். இப்படி நாளுக்கு ஒன்று சிக்கிவிடும்.

கீழவாசல் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். வயது ஐம்பத்தெட்டு. கணவர் காலமான பிறகு, அவர் ஒத்தக்கடையில் கட்டிவைத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வடக்கிலிருந்து கொண்டுவந்த பாஷை வீட்டில் இன்னும் புழங்குவதில் அவளுக்கு ஏகப் பெருமை. அதைவிட, அது அக்கம்பக்கத்தாருக்குப் புரியாது என்பதில் பெருமை. டாக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அக்காவிடம், "இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று தன் பாஷையில் சொல்வாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் புடவையை அவள் காதுபடவே அலசுவாள். முகம் மட்டும் மலர்ந்தே இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாட்டு அறைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு ஜோடி குடிவந்தது. சுனாராம், அவன் மனைவி ஜானோ. அவன் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அபார்ட்மெண்டில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்தவன். தமிழைக் கடித்துக் குதறியாவது பேசிவிடுவான். ஜானோவுக்கு "சரிம்மா" தவிர ஒன்றும் வராது. இங்கே வருவதற்கு முன்னால் அவள் இரண்டு வருஷம் டவுனுக்குள் ஒரு சுங்குடிப் புடவைக் கம்பெனியில் முடிச்சுப் போடும் வேலை பார்த்ததாக சுனாராம் சொன்னான். துளசிபாய் அப்போது ஆதார் நகலில் இருந்த போட்டோவையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது சரியாகக் காதில் விழவில்லை.

வந்த இரண்டாம் மாதம் ஜானோவுக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தவள், மறுநாள் காலையில் குடத்தோடு மோட்டார் குழாயடியில் நின்றாள். துளசிபாய் அக்காவோடு போனில் இருந்தாள். ஜானோவைப் பார்த்துச் சிரித்து, குழாயைத் திறந்துவிட்டு, போனில் தன் பாஷையில் சொன்னாள்: "தானாகக் கலைந்ததாம். யார் கண்டார்கள்? இவளே மருந்து தின்று கலைத்திருப்பாள். முழியைப் பார்த்தாலே தெரிகிறது."

குடம் நிரம்பி வழிந்தது. ஜானோ குழாயை மூடாமல் நின்றாள். பிறகு மூடிவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிப் போனாள். யாரும் எதுவும் கேட்காதபோது இவள் எதற்குச் சரி என்கிறாள் என்று துளசிபாய்க்கு அதிலும் ஒரு சந்தேகம்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு அவள் காதில் விழ ஆரம்பித்தது. சாயங்காலம் சுனாராம் வேலை முடிந்து வந்ததும், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஜானோ தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வாள், அவன் 'ம்' கொட்டுவான். நடுநடுவே 'துளசிபாய்' என்று தெளிவாகக் கேட்கும். தினமும் தன் பேர் அங்கே எதற்கு அடிபடுகிறது?

எதிர்வீட்டு மொக்கைச்சாமி ரிட்டையர்டு கண்டக்டர். அவரிடம் சொன்னதுதான் தாமதம், எரிகிற கொள்ளியை ஏறத் தள்ளினார்.

"தனியா இருக்கீகக்கா. வெளியூர் ஆளுக. உங்க பேரச் சொல்லி என்னத்தப் பேசுதுகளோ, யாரு கண்டா? எதுக்கும் போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க."

ரெக்கார்டு பண்ணினாள். அடுப்படி ஜன்னலில் போனை வைத்து மூன்று சாயங்காலம் பிடித்தாள். மார்பிள் கடையில் வேலை பார்க்கும் ராஜஸ்தான்காரர் கேட்டுவிட்டு, இது இந்தியே இல்லை என்றார். பரோட்டாக் கடை ஒடிசாக்காரர் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, "ஜார்க்கண்டுப் பக்கம் பேசுற சந்தாலி பாஷை மாதிரி இருக்கு, எனக்குத் தெரியாதும்மா. உங்க பேரு மட்டும் நாலு வாட்டி வருது" என்றார்.

இந்தியும் இல்லை, ஒடியாவும் இல்லை. அடுத்தவருக்குப் புரியாத பாஷையில் பேசுகிறவர்கள் நல்லதையா பேசுவார்கள்? துளசிபாய்க்கு அதில் சந்தேகமே வரவில்லை. அது அவளுடைய சொந்த அனுபவம். கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாள். அப்படியும் தூக்கம் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். ஜானோ காலிக் குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டு நின்றாள்.

"இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணிருங்க. வேற எடம் பாத்துக்கங்க."

சுனாராமுக்குக் கோபம் வரும் என்று பயந்துதான் கேட்டைத் திறந்து வைத்திருந்தாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தவன்போல் ஜானோவைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்.

"ஏம்மா? நீங்க எம்புட்டு நல்லவங்க! ஜானோ டெய்லி சொல்லும். துளசிபாய் அம்மா இன்னிக்கு உடம்பு எப்டின்னு கேட்டாங்க, சுடுதண்ணி குடின்னு சொன்னாங்க, எல்லாம் சொல்லும். குழந்தை போனப்போ, அழுவாத, அடுத்தது நிக்கும்னு சொன்னீங்களாமே? ஊர்ல எங்கம்மாகிட்ட கூட சொன்னேன். இங்க ஒரு அம்மா இருக்காங்க, பயப்படாதன்னு."

இதில் ஒன்றைக்கூடத் துளசிபாய் சொன்னதில்லை. பேச்சை மாற்ற நினைத்தாள்.

"இவளுக்குத்தான் தமிழே வராதே. நான் சொன்னது எப்படிப் புரிஞ்சுச்சு?"

"தமிழ் வராதும்மா. உங்க பாஷை வரும்ல! புடவைக் கம்பெனியில எல்லாம் உங்க ஆளுங்கதான். ரெண்டு வருஷம். நல்லாப் பேசும்."

குழாயடியில் குடம் வழிந்த அந்தக் காலை நேரம் துளசிபாயின் கண்முன் வந்தது. போனில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வந்தது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

ஜானோ அவளைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டர் முன்னால் துளசிபாய் சிரிக்கிற சிரிப்பு அது. கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கீழவாசல் பெண்களின் அதே இழுவையோடு, துளசிபாயின் பாஷையில் பேசினாள்.

"நீங்கள் சொன்னது எதையும் நான் இவரிடம் சொல்லவில்லை. கேட்டால் சண்டைக்கு வருவார். இதற்கு முன்னால் இரண்டு வீடு அப்படித்தான் போனது. எனக்கு இன்னும் உடம்பு தேறவில்லை, மூட்டை தூக்க முடியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்."

சுனாராமுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"என்னம்மா சொல்லுது?"

துளசிபாய் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல தம்பி. உடம்பு பரவாயில்லயாம். நீங்க காலி பண்ண வேணாம். நான்தான் ஏதோ நெனப்புல சொல்லிட்டேன்."

அவன் கும்பிட்டுவிட்டுச் சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பினான். அவன் தெருமுனை திரும்பும்வரை துளசிபாய் காத்திருந்தாள். பிறகு தன் பாஷையில், யாருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்பதுபோல் சத்தமாகக் கேட்டாள்.

"உடம்பு எப்படி இருக்கிறது, ஜானோ?"

ஜானோவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "சரிம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.