நத்தை ஓட்டிய லாரி

மெத்தைக் கம்பெனிக் கிடங்கில் அவருக்கு நத்தை என்று பெயர். லாரி முழுக்க மெத்தையும் தலையணையும்; கவிழ்ந்தால்கூட யாருக்கும் அடிபடாத சரக்கு. ஆனாலும் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவர் போலத்தான் ஓட்டுவார். ஒரு வாத்து ரோட்டைக் கடந்தால் லாரி நிற்கும். கடக்கலாமா வேண்டாமா என்று வாத்து யோசித்தாலும் நிற்கும். சைக்கிளில் போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள். போகிற போக்கில் நலம் விசாரிக்கிறவர்களும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லாரியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை அவராக யாரிடமும் சொல்ல மாட்டார். கேட்டால் மட்டும் சொல்வார். கேட்கும்படியாகப் பேச்சைத் திருப்பிக்கொண்டு வருவதில் கெட்டிக்காரர்.

அவருக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் கடைக்குக் கிளம்பும்வரை உட்கார்ந்து படம் வரைவாள். அவள் வரைந்த மங்கா, அதாவது ஜப்பானிய பாணிப் படக்கதை ஒன்று, வாராவாரம் ஓர் இணையதளத்தில் வந்துகொண்டிருந்தது. அப்பா அதை மாங்கா என்றே சொல்லிவந்தார். திருத்தித் திருத்தி மகளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கதை இதுதான். போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கும் ஒரு வாலிபன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். வேறோர் உலகத்தில், டிராகன்களுக்குப் பல் பிடுங்கும் மந்திரவாதியாக மறுபிறவி எடுக்கிறான். பல்வலி தீர்ந்த டிராகன்கள் அவன் சொன்னபடி ஆடுகின்றன. ஓர் இளவரசி அவன் பின்னாலேயே சுற்றுகிறாள். மகள் ஏதோ பல் டாக்டர் கதை வரைகிறாள் என்ற அளவில்தான் அப்பாவுக்குத் தெரியும்.

ஒரு நாள் கிடங்கில் லாரியை வெளியே எடுக்கப் போனவரை, லோடு ஏற்றுகிறவர் முன்னால் வந்து நின்று மறித்தார்.

“அண்ணே, லேசா ஒரு இடி இடிச்சு விடுங்க. அடுத்த ஜென்மத்துலயாவது மந்திரவாதியாப் பொறந்துக்கறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நத்தைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லோடுக்காரர் போனை நீட்டினார். முதல் அத்தியாயம், முதல் பக்கம். லாரியின் நெற்றியில் மெத்தைப் படம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இவருடைய மீசை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட இவருடைய கண்ணாடி, இவருடைய உடைந்த முன்பல். பல் எப்படித் தெரிந்தது என்றால், அந்த டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

இடித்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கொட்டாவியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, வண்டி ஓட்டும்போது நான் என்னைக்காவது கொட்டாவி விட்டுப் பாத்திருக்கியா?”

மகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. “டிரைவருக்கு மூஞ்சி எதுவும் தோணலப்பா. உங்களை மனசுல வெச்சு வரஞ்சிட்டேன்.”

“கொலைகாரன்னதும் அப்பா ஞாபகம் வந்துச்சாக்கும்.”

“லாரி இடிக்கலைன்னா அவன் வேற உலகத்துக்கு எப்படிப்பா போவான்?”

“காய்ச்சல் வந்து சாகட்டும்.”

“அதுல ஒரு வேகம் இல்லப்பா.”

“என்கிட்ட மட்டும் இருக்கா?”

அடுப்படியில் இருந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தாள்.

அவர் விடுவதாயில்லை. “சரி, இடிச்சேன்னே வெச்சுக்கோ. ரோட்டைப் பாக்காம வந்தவன் அங்க இளவரசியோட ஜாலியா இருக்கான். நான் என்ன ஆனேன்? அதுக்கப்புறம் ஒரு படத்துலயாவது நான் இருக்கேனா? அந்தாளு வீட்டுக்குப் போனானா, சாப்பிட்டானா, தூங்கினானான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். இந்த மாதிரிக் கதைகளை அவள் கணக்கில்லாமல் படித்திருந்தாள். எல்லாவற்றிலும் லாரி வரும், இடிக்கும், காணாமல் போகும். லாரியின் கதவு திறந்து ஓர் ஆள் இறங்குவதை அவள் எதிலும் பார்த்ததில்லை.

அந்த வாரம் கதவு திறந்தது. டிரைவர் பதறிக்கொண்டு இறங்குகிறார். அடிபட்டவனைக் காணோம். அவன் விழுந்த இடத்தில் வெளிச்சமாக ஓர் ஓட்டை. பையனை அவன் அம்மாவிடம் ஒப்படைக்காமல் திரும்ப மாட்டேன் என்று லாரியோடு அதற்குள் இறங்குகிறார்.

இதை வரையும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே வண்டியைத் திருப்ப இடம் இருக்குமோ இருக்காதோ, ரிவர்ஸில்தான் இறங்குவேன் என்றார். பின்னால் ஆள் நின்று குரல் கொடுக்காமல் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதனால் ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டிப் பூதத்தை நிறுத்தி, “வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிச்சு வா” என்று சொல்ல வைக்க வேண்டியதாயிற்று.

வாசகர்களுக்குப் பூதத்தைப் பிடித்துப்போனது. டிரைவரை அதைவிடப் பிடித்துப்போனது. கல்லிலும் முள்ளிலும் படுத்துப் பழகிய டிராகன்கள் முதன்முதலாக மெத்தையில் படுத்தன. இரண்டு தேசத்து டிராகன்களும் ஒரே சமயத்தில் குறட்டை விட்டதால் பெரிய போர் ஒன்று நின்றுபோனது. பல் பிடுங்கும் நாயகன் மூலைக்குப் போனான். ‘அந்தப் பையன் யார், எதற்கு நடுவில் நடுவில் வருகிறான்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நத்தைக்குத் தலைகால் புரியவில்லை. மீசையைக் கத்தரித்து ஒழுங்கு செய்துகொண்டார். கிடங்கில் டீ குடிக்கும்போது, கதையில் அந்தப் போரைத் தொடங்கிய அசுர ராஜாவைப் பற்றி, பக்கத்து லாரி டிரைவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். “ஆள் கெட்டவன் இல்லப்பா. தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான்.” லாரி பள்ளத்தாக்கைத் தாண்டிக் குதிப்பதாக மகள் வரைந்திருந்ததை, ஸ்பிரிங் போய்விடும் என்று அழிக்கச் சொன்னார். சுற்று வழியில் ஒரு பாலம் போட்டுக் கொடுத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதை ஒரு மலையடிவார விடுதிக்கு வந்து சேர்ந்தது. அங்கே நீண்ட காதும் மெல்லிய இடுப்புமாக ஒரு பெண், டிரைவருக்குச் சூடாகச் சூப் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் புன்னகை வேறு செய்தாள்.

அம்மாவுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. அதுவரை இந்தக் கதையை எட்டிப் பார்த்ததில்லை. கூட வேலை செய்கிறவள் போனில் காட்டியதைப் பார்த்துவிட்டு அன்று கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிடும்போது யாருக்கும் எதுவும் பரிமாறவில்லை. பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“எடுத்துப் போட்டுக்கங்க. இங்க ஊத்திக் குடுக்க ஆள் கிடையாது.”

அப்பா மகளின் காதைக் கடித்தார். “அந்தப் பொண்ணைக் கிழவியாக்கிடும்மா.”

“அவங்களுக்கு ஏற்கனவே முந்நூறு வயசுப்பா.”

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. “முந்நூறு வயசுக்கு அந்த இடுப்பா?”

இருவரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அம்மா நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். “என்னையும் அங்க அனுப்பு.”

“லாரில அடிபட்டாத்தாம்மா போக முடியும்.”

“எந்த லாரில? இவர் லாரிலயா? இவர் வந்து இடிக்கிறதுக்குள்ள எனக்கும் முந்நூறு வயசாயிடும்.”

அப்பாவுக்கு இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. லேசாகத் தலையாட்டி வைத்தார்.

“சாகறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல,” என்றாள் அம்மா. “பஸ்ல வந்து இறங்கினேன்னு போடு.”

வேறோர் உலகத்துக்குப் பஸ் போவது மறுபிறவிக் கதைக்கு அடுக்காது என்று மகள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். டிராகன் மெத்தையில் படுப்பது மட்டும் அடுக்குமா என்றாள் அம்மா. அடுத்த வாரம் அந்த விடுதி வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. கையில் பையோடு ஒரே ஒரு பெண் இறங்கினாள். உள்ளே போய், விடுதிக்காரியின் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தானே சூப்பை ருசி பார்த்து, உப்பு போதாது என்றாள். டிரைவர் எழுந்து நின்றார். அன்று வந்த வாசகர் கருத்துகளைப் படித்து முடிக்க மகளுக்குக் கடையில் சாப்பாட்டு நேரம் போதவில்லை.

அம்மா அதைச் சலவைக் கடையில், மாட்டித் தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் நின்று படித்தாள். வாசலில் வாடிக்கையாளர் கூப்பிட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை மகளிடம் நீட்டி, ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். பஸ்ஸிலிருந்து இறங்கும் படத்தில், அம்மா வழக்கமாகக் கட்டும் முழங்கால் பட்டையையும் மகள் விடாமல் வரைந்திருந்தாள்.

“நாள் பூரா நின்னு இஸ்திரி போடறதுனால இங்க முட்டி வலிக்குது, சரி,” என்றாள் அம்மா. “வேற உலகத்துலயும் எதுக்கு?”

மகள் அப்போதே உட்கார்ந்து பட்டையை அழித்தாள். அடுத்த வாரம், விடுதிக்குப் பின்னால் இருந்த மலையில் அம்மா ஓடி ஏறினாள். டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்.