எல்ஸிக்குச் சேரவேண்டிய தொடை

இறகு பிடுங்கும் கைகள் அவசரப்படவில்லை. இடது கை தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வலது கை இறகு முளைத்த திசையிலேயே கொத்துக் கொத்தாக இழுத்தது. ஈமுவின் இறகு ஒரே காம்பிலிருந்து இரண்டாகப் பிரிந்து வரும். காம்போடு வர வேண்டும். வராமல் தோல் கிழிந்தால், அடியில் இருக்கும் கொழுப்பு நெருப்பில் ஒழுகிப் போய்விடும். வலது கையின் சுட்டுவிரலுக்கு நுனி கிடையாது; நடுவிரலும் கட்டைவிரலும்தான் வேலையைப் பார்த்தன. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் கைகளிலிருந்து லேசாக ஆவி கிளம்பியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கைகள் இதே மாதிரி ஒரு பறவையில் வேறொரு வேலை செய்தன. அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு நிதானம்.

அவன் பெயர் கிளைவ். என் பெரியம்மா மகன், அதாவது என் அண்ணன். பதினாறு வயதில் இந்தச் செம்மண் வெளியை விட்டுத் தெற்கே துறைமுக ஊருக்குப் போனான். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் கத்தி பிடித்தான். மாட்டின் எலும்பை எடுப்பது, சவ்வை உரிப்பது, கொழுப்பைச் சீவுவது. ஒரு துண்டில் வெள்ளை தெரிந்தாலும் மேற்பார்வையாளர் மேஜைக்கே திருப்பி எறிவாராம். கிளைவின் துண்டு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் உயரும். மற்றபடி பேச்சு குறைவு. ரோவீனாவைக் கட்டிக்கொண்டு ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் ஊரான இங்கே திரும்பினான். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான எங்கள் ஜனங்களின் முறைகளை யாரும் அவனுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பார்க்காதது தெரியாது.

ரோவீனாவின் அம்மா எல்ஸி. மருமகனும் மாமியாரும் பேசக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் அவளுக்குக் கறி கொடுப்பது அவன் பொறுப்பு. அவன் வேட்டைக்குப் போனால் முதல் பங்கு அவளுக்கு.

நான் இங்கே இருக்கும் சிறிய மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நர்ஸ் படிப்பு கிடையாது. இருபத்தியொரு வருஷமாக ரத்தம் எடுத்து, சர்க்கரை பார்த்து, கட்டுப் போட்டுக் கற்றது. மார்ச் மாதம் எல்ஸி அத்தையின் ரத்தத்தில் இரும்பு குறைந்திருந்தது. இதயக் குழாய் அடைக்க ஆரம்பித்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை விமானத்தில் வரும் டாக்டர் எழுதியிருந்தார். இரும்பு மாத்திரை கொடுத்தால் வயிறு எரிகிறது என்று துப்பிவிடுவாள். கொழுப்பில்லாத சிவப்பு இறைச்சிதான் வழி. எங்கள் சுவரில் அதற்கு ஒரு அட்டை தொங்கும். நூறு கிராம் ஈமு கறியில் ஐந்து மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இரும்பு, இருபத்திரண்டு கிராம் புரதம், கொழுப்பு மூன்று கிராமைத் தாண்டாது. கடையில் விற்கும் மாட்டுக் கொத்துக்கறியில் இரும்பு அதில் பாதி. கொழுப்போ ஐந்து மடங்கு. நான் அந்த அட்டையைப் படி எடுத்து, கொழுப்பு என்ற சொல்லின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு கிழித்து, கிளைவ் கையில் கொடுத்தேன்.

"கொஞ்சங்கூட இருக்கக் கூடாதா மார்லி?"

"வேணாம்ணே. சுத்தமா இருக்கணும்."

"சுத்தம்தானே? அத என்கிட்ட விட்டுரு."

விட்டேன். அவன் ஒரு ஈமுவைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு வந்து, தொழிற்சாலையில் செய்ததைப் போலவே எல்லாம் செய்தான். எலும்பில்லை, தோலில்லை, சவ்வில்லை. இரண்டு விரல் கனத்துக்குப் படிந்திருந்த மஞ்சள் கொழுப்பைச் சீவி வாளியில் போட்டு எரித்தான். கறியை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி ஆறு ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்தான். கடை அலமாரியில் வைத்தால் பளிச்சென்று இருக்கும். மாமியார் வீட்டுக்கு நாற்பது அடி தள்ளி ஒரு மரம். அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். ரோவீனா எடுத்துப் போய் அம்மா முன்னால் வைத்தாள்.

எல்ஸி ஆறு மூடிகளையும் திறந்தாள். எந்தக் கால், எந்தப் பக்கம் என்று ஒரு அடையாளமும் இல்லை. மாமியாருக்கு வரவேண்டியது தொடை, எலும்போடும் தோலோடும் கொழுப்போடும். கொழுப்பில்லாமல் துண்டாக வந்தால், மற்றவர்கள் தின்ற மிச்சம் என்றுதான் அர்த்தம். இருந்தாலும் ஒரு டப்பாவைச் சட்டியில் போட்டு வதக்கிப் பார்த்தாள். கொழுப்பே இல்லாத கறி, கொஞ்சம் சூடு கூடினாலும் செருப்புத் தோல்தான். அவளுக்கு இருப்பதோ நாலு பல். மென்றாள், துப்பினாள். பிறகு ஆறு டப்பாக்களையும் வாசல் மண்ணில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

டீசல் என்ற நாய்தான் முதலில் வந்தது. பிறகு மற்ற நாய்கள்.

தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கத்தினார்கள். "ஷேம்! ஷேம்! கிளைவ் மாமா நாய்க்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்திருக்காரு!"

திரும்பிப் பார்க்க அவனுக்கு அனுமதி இல்லை. முதுகைக் காட்டியபடியே, நாய்ப் பற்கள் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றான். நான் மருத்துவமனைப் படியில் நின்று பார்த்தேன். இறங்கிப் போய், "அத்தை, கொழுப்ப எடுக்கச் சொன்னது நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். எண்ணிப் பார்த்தால் அறுபது எட்டுகூட இருக்காது. சொல்லவில்லை. உள்ளே போய்ப் பஞ்சு உருட்ட ஆரம்பித்தேன். கிளைவும் என் பெயரைச் சொல்லவில்லை, ரோவீனாவிடம்கூட.

அதன் பிறகு அவன் அனுப்பிய எதையும் எல்ஸி வாங்கவில்லை. கங்காரு வால் அனுப்பினான். ரோவீனா அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள். எல்ஸி ரொட்டியும் சர்க்கரை போட்ட டீயுமாகக் காலம் தள்ளினாள். கிளைவ் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், அவன் தொப்பியைத் தாழ்த்துவது நிற்கவில்லை.

போன வாரம் எல்ஸிக்கு மறுபடி ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழரை. ஏழுக்குக் கீழே போனால் விமானத்தில் ஏற்றிப் பெரிய ஊருக்கு அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார்.

"நான் போகமாட்டேன்," என்றாள் எல்ஸி. "அந்த ப்ளேன்ல ஏறிப் போன என் அக்கா பொட்டியிலதான் திரும்பி வந்தா."

"அப்போ கறி சாப்பிடணும் அத்தை. எதிர் வீட்டுல கங்காரு அடிச்சிருக்காங்க. கேட்டா ஒரு பங்கு தரமாட்டாங்களா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அடுத்த வீட்டுல கை நீட்டச் சொல்றியா? நீட்டினா என் பொண்ணக் கட்டினவனுக்கு என்ன பேரு வரும்? ஆம்பள இல்லாத வீடுன்னு ஊரே பேசும்."

"அவரு கொடுத்ததத்தான் நாய்க்குப் போட்டீங்களே!"

"நாய்க்குப் போட்டது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம். அடுத்தவன்கிட்ட வாங்கினா அது ஊர் விஷயம். ரெண்டும் ஒண்ணா?"

மூன்று மாதமாக இவள் பட்டினி கிடந்தது அவன் பெயரைக் காப்பாற்ற. அப்புறம்தான் சொன்னேன். "கொழுப்பெல்லாம் எடுக்கச் சொன்னது நான், அத்தை. காகிதத்துல எழுதிக் கொடுத்தேன்."

அவள் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து என் மேஜையில் வைத்தாள்.

"மூணு மாசமா வாயில என்ன வச்சிருந்த?"

நான் அந்தப் பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

"காகிதம் சொல்லிச்சுன்னு நீ சொன்ன. நீ சொன்னேன்னு அவன் வெட்டினான். அந்தப் பறவைய ஒருத்தரும் பாக்கல," என்றாள். எழுந்து போய்விட்டாள். நடையில் மூச்சு வாங்கியது.

அன்று சாயங்காலம் கிளைவிடம் போனேன். பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். எல்ஸி சொன்னதையெல்லாம் சொன்னேன். பெயரைக் காப்பாற்றப் பட்டினி கிடந்தாள் என்ற இடம் வந்ததும் வண்டியின் பம்பரில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துடைத்தான்; கையில் இருந்த ஆயில் முகமெல்லாம் ஆனது.

"திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன்," என்றான். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு தப்பு. நான் பாக்கலைன்னு சொன்னாங்கல்ல? நான் பாத்தேன் மார்லி. மாட்டுல கறிக்குள்ளயே கொழுப்பு கோடு கோடா ஓடும். நோண்டி எடுத்தாலும் போகாது. இந்தப் பறவைல ஒரு கோடுகூட இல்ல. மேல போர்வை மாதிரி தனியாக் கெடக்கு, உள்ள ரத்தச் சிவப்பு. இதுல நான் எடுக்கறதுக்கு என்ன இருக்குன்னு அப்பவே தோணுச்சு. கை நிக்கல. என் கையோட திமிரு."

நான் போய் அட்டையை மறுபடி படித்தேன். மூன்று கிராம் கொழுப்பு என்பது கறிக்குள் இருக்கும் கணக்கு. அதைக் குறைக்க எந்தக் கத்தியும் தேவையில்லை. பறவையே கொழுப்பைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. போர்வையோடு வேகவைத்தால் கறி காயாது. தட்டில் வந்த பிறகு அவள் ஆசைப்பட்ட அளவு, ஒரு விரல் கொழுப்பு. மீதியெல்லாம் இரும்பு. இருபத்தியொரு வருஷம் அந்த அட்டையின் கீழேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"ஒரு தொடையால ரத்தம் ஊறிடாதுண்ணே," என்று மறுநாள் கிளைவிடம் சொன்னேன். "ஆனா இத வாங்கிட்டா அடுத்ததையும் வாங்குவாங்க."

"வாங்கலைன்னா?"



இப்போது இறகு முழுக்கப் போயிருந்தது. கிளைவ் தோலை நெருப்பில் வாட்டி, பக்கவாட்டில் கீறிக் குடலை எடுத்தான். குழியில் மல்கா என்ற கருவேல வகை மரத்தின் விறகு எரிந்து தணலாகியிருந்தது. சுட்ட கற்களையும் பச்சை இலைகளையும் வயிற்றுக்குள் அடைத்துப் பறவையைக் குழிக்குள் இறக்கினான். கழுத்து மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, தணலும் மணலும் போட்டு மூடினோம். அலகு வழியாக ஆவி வரும் வரை யாரும் கிளறக் கூடாது. அவன் குத்துக்காலிட்டு அந்த அலகையே பார்த்துக்கொண்டிருந்தான். ரோவீனா டீ கொண்டுவந்தாள், ஆறிப் போயிற்று.

"ஏன்யா, அது கண்ணு முழிச்சு ஓடிரும்னா காவல் காக்கற?" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு அலகிலிருந்து ஆவி மெல்லிய நூலாகக் கிளம்பியது. பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் மணலை விலக்கினான். தோல் தேன் நிறத்தில் இறுகியிருந்தது. அடியில் கொழுப்பு பளபளத்தது. தொடையைப் பிரிக்கக் கத்தியை எடுத்தான். கத்தி மூட்டுக்குப் போகவில்லை; தன் பழக்கத்துக்குத் தோலின் ஓரத்துக்குப் போய்க் கொழுப்புக்கு அடியில் நுழைந்தது. அரை அங்குலம்.

"என்னய்யா, கறிக்கு ஷேவிங் பண்ணப் போறியா?"

ரோவீனா கேலியாகத்தான் கேட்டாள். கத்தியை உருவி மணலில் குத்தி வைத்தான். வெறுங்கையாலேயே மூட்டைப் பிடித்துத் திருகினான். சுட்டிருக்கும், முகத்தில் காட்டவில்லை. முழுத் தொடை எலும்போடும் தோலோடும் கழன்று வந்தது. கத்தி நுழைந்த இடத்தில் கொழுப்பு கொஞ்சம் தூக்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் படிய வைத்தான். முழுக்கப் படியவில்லை.

இலைக் கிளைகளின் மேல் தொடையை வைத்துத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி தள்ளியிருந்த அந்த மரத்துக்குப் போனான். தொட்டி மேல் பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்கு அவர்கள் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கிளைவ் தொடையை மரத்தடியில் வைத்தான். முதுகைத் திருப்பித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

ரோவீனா அதைத் தூக்கிப்போய் அம்மா முன்னால் இறக்கினாள். நான் பக்கத்தில் நின்றேன். எல்ஸி முதலில் எலும்பின் முனையைத் தொட்டாள். பிறகு தோலை. கத்தி பட்ட அந்த அரை அங்குலத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எனக்கு நிலத்தைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அவள் அந்த விரலாலேயே கொழுப்பைக் கிள்ளி வாயில் வைத்தாள். கீழே இருந்த சிவப்புக் கறியைப் பிய்த்தாள். அது நாராக வந்தது, ஈரத்தோடு.

வாலை ஆட்டிக்கொண்டு டீசல் வந்தது.

"ஏய் டீசல், போ அந்தப் பக்கம்!" என்றாள் எல்ஸி. நாய் காலடியில்தான் இருந்தது. அவள் குரல் மரம் வரைக்கும் போயிற்று. "இன்னைக்கு உனக்கு ஒண்ணும் கெடையாது."

மரத்தடியில் அந்த முதுகு திரும்பவில்லை. கைகள் மட்டும் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.