விலாங்குக் கண்

ஆற்றங்கரை ஊரான சாதெக்கின் சந்தையில் லியூ அக்கா கடைக்கு விலாங்கு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் விலாங்கு வாங்க வருவதில்லை. பெண் காட்ட வருவார்கள். மகனுக்குப் பார்த்து வைத்திருக்கும் பெண்ணை வழியில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி கூட்டிக்கொண்டு வந்து, "உன் கையாலயே நல்லதா ரெண்டு எடும்மா" என்று தொட்டியைக் காட்டுவார்கள். பெண் குனிவாள், சட்டைக் கையை ஏற்றுவாள், வழுக்கலோடு மல்லுக்கட்டுவாள். லியூ அக்கா தராசைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். பெண் பிடித்திருந்தால் விலாங்கை வாங்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, நறுக்கி, சமையலுக்குத் தயாராகக் கொடுப்பாள். பிடிக்காவிட்டால் உயிரோடு பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவாள். பையில் உயிரோடு துள்ளினால் அந்தக் கல்யாணம் அதோடு சரி. ஒரு வார்த்தை பேச மாட்டாள், பெண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

நான் பக்கத்துக் கடை. இலையில் மடித்த ஒட்டரிசிச் சோறு விற்கிறேன். நான் கடை போட்ட முதல் வாரமே என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "உனக்குக் குரங்குக் கன்னம்டி ஹன். எதையும் விழுங்க மாட்டே. வாயிலயே அடக்கி வச்சிருந்து நாலு பேர் வந்ததும் துப்பிடுவே." அதற்காக எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. ஆனால் இதோ, நான் துப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மனுஷன் பொய் சொல்வான், அவனுக்குள் இருக்கும் மிருகம் சொல்லாது என்பது அவள் கட்சி. எலித் தாடைக்காரனைக் கல்லாப் பக்கம் விடாதே. கொக்குக் கழுத்துக்காரி கடைசியில் தனியாகத்தான் இருப்பாள். எருமைப் பிடரி உள்ளவன் வாய் திறக்காமல் உழைப்பான், அவனைக் கட்டிக்கொள். குளவி இடுப்பும் புறாக் கண்ணும் உள்ள பெண் கிடைத்தால் ஜாதகம்கூடப் பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும்விட மோசமானது விலாங்குக் கண். கீறிவிட்ட மாதிரி சிறிதாக, இமை மடிப்பே இல்லாமல், ஓரமாக நழுவிப் பார்க்கும் கண். அப்படிப்பட்டவர்கள் புகுந்த வீட்டில் கட்டிலும் மிஞ்சாது, மானமும் மிஞ்சாது என்பாள். விலாங்கை விற்றே வயிறு கழுவுகிறவளுக்கு விலாங்கின்மேல் அத்தனை வெறுப்பு.

எனக்கு அவள் ஜோசியத்தில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அவள் நறுக்கிக் கொடுத்த கல்யாணங்கள் நன்றாக இருந்தால் லியூ அக்கா கைராசி என்றார்கள். பையில் கட்டிக் கொடுத்த பெண்கள் எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று யார் போய்ப் பார்த்தது? எதிர்க்கடை ஹுவேயின் கதையைச் சொல்கிறேன். உப்பில் ஊறவைத்த மீன் விற்பவள். அவள் மகன் ஒரு படகுக்காரப் பெண்ணை விரும்பினான். அந்தப் பெண்ணுக்குச் சின்னக் கண். ஹுவே அவளை விலாங்கு எடுக்க வைத்தாள். பை துள்ளியது. பையன் சைகோனுக்குப் போனவன் போனவன்தான், புத்தாண்டுக்குக்கூட வருவதில்லை. "எப்படியோ தப்பிச்சோம்" என்று ஹுவே சொல்லுவாள். சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக்கொள்வாள்.

லியூ அக்காவுக்குச் சொந்தமாக இருந்தது புறாக் கண். நல்ல வட்டம், மேலே தெளிவான மடிப்பு. யுத்த காலத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த மாமியார் அந்தக் கண்ணுக்காகவே அதே இடத்தில் சம்மதம் சொன்னாளாம். இதைச் சந்தையே சொல்லும். அவள் மட்டும் சொல்ல மாட்டாள்.

புருஷன் செத்த பிறகு அவளுக்கு இருந்தது ஒரே மகன், கியெத். படகு இயந்திரம் பழுது பார்ப்பவன். அம்மா சொன்னால் ஆற்றில் குதிப்பான். எவன் கடைக்கு வந்தாலும் அவன் தாடையையும் காதையும் அளந்துவிட்டுத்தான் பேசுவான். அவனுக்கு லியூ அக்கா தானே பெண் தேடினாள். தொண்ணூறுகளின் நடுவில், லாப்வோவில் இருந்து குயேன் வந்தாள். குளவி இடுப்பு, புறாக் கண். அன்றைக்கு லியூ அக்கா விலாங்கைத் தேய்த்த தேய்ப்பில் சாம்பல் என் சோற்றில் வந்து விழுந்தது. அவ்வளவு சந்தோஷம்.

குயேன் நல்ல பெண்தான். விடியற்காலையில் எழுந்து பன்றிகளுக்குத் தீனி வைப்பாள், மாமியாருக்கு வெந்நீர் வைப்பாள், பிறகு அவளும் வந்து சாம்பல் சலிப்பாள். மறு வருஷமே ஆண் குழந்தை. நாய்க்குட்டி என்று கூப்பிட்டோம். அழகாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பேய்கள் பொறாமைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடும் இல்லையா?

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் வைக்கும் முழு மாதப் படையலுக்குச் சந்தையே போனது. குழந்தையைக் காக்கும் சாமிகளான பன்னிரண்டு மருத்துவச்சித் தாய்மாருக்கும் இனிப்புக் கஞ்சியும் சோறும் படைத்துவிட்டு, வழக்கம்போலக் குழந்தையை ஆளுக்கு ஆள் திட்டினோம். "ஐயோ, என்ன அசிங்கம் இது!" என்றாள் ஒருத்தி. "தவளைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றேன் நான். ஹுவே துணியை விலக்கிப் பார்த்து, "கண்ணைப் பாருங்கடி, அசல் விலாங்கு! தொட்டியில விட்டா நீந்தும்!" என்றாள். எல்லோரும் சிரித்தோம். திட்டுவதுதானே மரியாதை?

லியூ அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கியெத், தன் அம்மா போவதைப் பார்த்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பிறந்த குழந்தை எல்லாமே கண்ணை இடுக்கிக்கொண்டுதான் இருக்கும், போகப் போக விரியும் என்றார்கள். விரியவில்லை. கன்னம் உப்ப உப்ப, கண் இன்னும் கீறலாகிக்கொண்டே போனது. குயேனுக்குப் பெரிய கண். கியெத்துக்குப் பெரிய கண். செத்துப்போன தாத்தாவின் படத்தில் இருப்பதும் பெரிய கண். பிறகு இது யாருடைய கண்? கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மீன் நிறுக்கும்போதும் கீரை கட்டும்போதும் சந்தை முழுக்க அதே குசுகுசு.

எல்லோரும் லியூ அக்காவின் வாயைப் பார்த்தோம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவள், சொந்த வீட்டு விஷயத்தில் வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தூக்குவாள், குளிப்பாட்டுவாள், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மருமகள் செய்த காரியம் இவளுக்குத் தெரிந்துவிட்டது, மானத்துக்குப் பயந்து மூடி மறைக்கிறாள் என்றுதான். அவள் பேசாதது எங்களுக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. கியெத்துக்கும் அப்படித்தான்.

அவனுக்குச் சந்தேகப்படச் சீக்கிரமே ஆள் கிடைத்தான். தவிட்டுப் படகு தோவான். பன்றித் தீனி கொண்டுவந்து வீட்டுப் படித்துறையில் இறக்குகிறவன். காலமெல்லாம் தவிட்டுத் தூசியில் நின்று கண் பாதி மூடியே இருக்கும். போதாதா? கியெத் வேலையைப் போட்டுவிட்டு வந்து புன்னை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தான். குயேன் மூட்டையை எண்ணினாள், தோவான் துடுப்பைத் தள்ளினான், அவ்வளவுதான். அதுவே அவனுக்குப் பெரிய நடிப்பாகத் தெரிந்தது. பார்க்காமல் போனால், ஏன் பார்க்கவில்லை என்று சந்தேகம். சிரித்தால், ஏன் சிரித்தாள் என்று சந்தேகம்.

ஒருநாள் குயேன் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். சோறு வாங்கவில்லை.

"ஹன் அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவளா?"

"எனக்கென்னடி தெரியும்? உன் மாமியாரைக் கேளு."

"கேட்டுட்டேன். கால்ல விழுந்து கேட்டேன். 'எல்லாம் சரியாயிடும், பொறு'ன்னு சொல்றாங்க. ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க. அவங்க பேசினா அவர் நம்புவாரு அக்கா. சாமி சொன்னாக்கூட நம்ப மாட்டாரு, அவங்க சொன்னா நம்புவாரு."

அப்போது லியூ அக்கா தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கும். நிமிரவே இல்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். அதை உரக்கவும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தது. முதல் பிறந்தநாள் விருந்து காலையிலேயே. பாயில் தட்டு வைத்து, அதில் கத்தரிக்கோல், சீப்பு, பேனா, மண்கட்டி, ஒரு சோற்று உருண்டை. குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் பிழைப்பு. அதற்கு முன்னால் அப்பன் ஊதுபத்தி கொளுத்தி, இது எங்கள் பிள்ளை என்று மூதாதைகளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிள்ளைக்கு அந்த வீட்டில் இடம். சந்தை முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தோம். விருந்துக்கு வந்தோமா, வேடிக்கைக்கு வந்தோமா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

கியெத் ஊதுபத்தியைக் கையில் எடுத்தான். கொளுத்தவில்லை.

"எங்க தாத்தா பாட்டி முன்னாடி நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றான். "இது இந்த வீட்டுப் பிள்ளை இல்ல. யாரோடதுன்னு பெத்தவளே சொல்லட்டும். இல்லேன்னா இன்னிக்கே தூக்கிட்டுப் போகட்டும்."

குயேன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழவில்லை. "உங்க பிள்ளைதான். எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

"கண்ணு சொல்லுதே! சின்ன வயசுலேருந்து அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. வாயை நம்பாதே, கண்ணைப் பாருன்னு."

அப்போதுதான் லியூ அக்கா அடுக்களையில் இருந்து வந்தாள். கையெல்லாம் சாம்பல். நேராகப் பூசை மாடத்துக்கு முன்னால் போய், புருஷன் படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"கண்ணு என்னுது" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"நாய்க்குட்டியோட கண்ணு என்னுதுடா. நான் பொறந்தது இந்தக் கண்ணோட இல்ல. ஊர்ல என்னை விலாங்குன்னுதான் கூப்பிடுவாங்க. ஒருத்தனும் கட்ட வரல. சைகோன்ல தையல் கடையில வேலை பாத்தப்ப, சேத்ததையெல்லாம் கொட்டி ஒரு டாக்டர்கிட்ட இமையை வெட்டித் தச்சுக்கிட்டேன். அப்புறம்தான் உன் பாட்டி வந்தா, புறாக் கண்ணுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தா. உங்கப்பாவுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

கியெத் சிரித்தான். கேட்கவே பயமாக இருந்த சிரிப்பு. "பேரனுக்காகப் பொய் சொல்றீங்க. அவளைக் காப்பாத்த."

லியூ அக்கா சட்டை ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாசல் வெளிச்சத்துக்கு வந்து, முகத்தை நிமிர்த்தி, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். "பாரு" என்றாள். "எல்லாரும் வந்து பாருங்க."

போனோம். நானும்தான் போனேன். இமையின் மடிப்பு இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும், நூல் வைத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கிறேன், அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. மத்தியானத் தூக்கத்தில்கூடத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டுதான் படுப்பாள்.

ஹுவேதான் முதலில் கத்தினாள். "அப்ப என் மகன்? அந்தப் பொண்ணுக்குக் கண்ணு சின்னதுன்னு பையில கட்டிக் கொடுத்தியே! நீ யாருடி அவளை வேணாம்னு சொல்ல?" அவள் மீன்வாடைக் கையை ஓங்கிக்கொண்டு போனாள். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினோம். லியூ அக்கா கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றாள்.

"அவளைப் பாத்ததும் பயந்துட்டேன்" என்றாள். "நான் எத்தனை பொய்யோட உள்ள வந்தேன்னு எனக்குத்தானே தெரியும். அந்தக் கண்ணு உள்ளவங்க எல்லாம் என்னை மாதிரின்னு நெனச்சேன்."

கியெத் கையில் இருந்த ஊதுபத்தி நொறுங்கிப் போயிருந்தது. மனைவி பக்கம் திரும்பினான். "குயேன், தெரியாம..." என்று ஆரம்பித்தான். புதிதாக ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தப் போனான். குழந்தையை வாங்கக் கையை நீட்டினான்.

குயேன் கொடுக்கவில்லை.

"ஒரு வருஷமா நான் வாயால சொன்னேன், நம்பல. உங்கம்மா கண்ணை மூடிக் காட்டினதும் நம்பிட்டீங்க. நாளைக்கு இவன் காதைப் பாத்து வேற எவன் பேரையாவது சொல்வீங்க." அவள் குரல் உயரவே இல்லை. உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். தட்டில் இருந்து குழந்தை எதையும் எடுக்கவில்லை, யாருக்கும் அந்த ஞாபகமும் இல்லை.

எல்லோரும் லியூ அக்காவைப் பார்த்தோம். மருமகள் காலில் விழுவாள், குழந்தையைப் பிடுங்குவாள், மகனை அறைவாள் என்று ஆளுக்கொன்று நினைத்தோம். அவள் படித்துறைவரை கூடவே நடந்து போனாள். லாப்வோ போகும் படகை இழுத்துப் பிடித்து, குயேன் ஏறும்வரை ஆடாமல் வைத்திருந்தாள். அப்போதுதான் முதல்முறையாக அந்தக் குழந்தையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். குழந்தை கீறல் கண்ணால் அவளைப் பார்த்துச் சிரித்தது.

கியெத் பின்னாலேயே ஓடி வந்தான். "அம்மா, போக வேண்டாம்னு சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா."

லியூ அக்கா மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகளிடம்தான் சொன்னாள்.

"போயிட்டு வாம்மா. இவன் கூப்பிட வருவான், அழுவான். உடனே கெளம்பி வந்துடாதே. இவனை நம்பாதே. இவன் நான் வளத்த பிள்ளை."

சொல்லிவிட்டுப் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.