பூரணி ‘ம்’ கொட்டியது யாருக்கு?

காலை ஐந்தரைக்கு எழுவேன். தண்ணீர் கொதிக்க வைத்துத் தேத்தண்ணி ஊற்றுவேன். ஒரு கோப்பை. நாவலில் ஓர் அத்தியாயம் வாசிப்பேன். நோட்டில் அதைப் பற்றி நாலு வரி எழுதுவேன். பிறகு பள்ளிக்கூடம். அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை மலையில் இருக்கும் ஆசிரியர் விடுதியில், போன மாசியில் எனக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் ஒருநாள் அங்கே தங்கிப் பார்க்கலாம்.

நாவல் என் மனைவி பூரணியுடையது. பழைய மொழிபெயர்ப்பு. குதிரைப்படைத் தலைவன் ஒருவனின் கதை. ‘குதிரக்காரரு’ என்பாள், மரியாதையாக. தினமும் சத்தமாக வாசிப்பாள். நான் ‘ம்’ கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவாள். அன்றன்று தோன்றியதை நோட்டில் எழுதுவாள். பக்கம் பக்கமாக அவன் கண், அவன் கோபம், அவன் தொப்பி.

“நான் ஒருத்தன் இங்க இருக்கேன். என்னப் பத்தி ஒரு வரி இல்ல.”

“புஸ்தகத்துல இருக்குற ஆளு மேலயாங்க பொறாம?” சிரித்து அவளுக்குப் புரையேறியது.

பாதிக் கதையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இறந்தாள். நான் மருந்து வாங்க வெளியே போயிருந்தேன்.

அவள் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். சத்தமாக. அதே நோட்டில் அவனைத் திட்டி எழுதினேன்.

ஒரு காலை, ஒரு பத்தியை முடித்து மூச்சு விட்டேன். உள்ளறையில்...

“ம்.”

அவள் குரல். போய்ப் பார்த்தேன். வெறும் கட்டில். பயம் வரவில்லை. தினமும் வாசித்தேன். தினமும் ‘ம்’ வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஒருநாள், நான் அடையாளம் வைத்த பஸ் டிக்கெட் தரையில் கிடந்தது. இரண்டு அத்தியாயம் தள்ளி, ஒரு தேயிலைக் கொழுந்து. ஈரமாக. சுற்றியிருந்த மலை முழுக்கக் கவ்வாத்து வெட்டி, செடிகள் வெறும் குச்சியாக நின்றன...

யாரோ எனக்கு முன்னே வாசிக்கிறார்கள்.

புத்தகத்தை மூடினேன்.

“ம்.”

நான் வாய் திறக்கவில்லை.

“ம்... ம்...”

பிறகு சிரிப்பு. என்னிடம் அவள் ஒருபோதும் அப்படிச் சிரித்ததில்லை.

உள்ளறைக் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது.

“உள்ள யாரு பூரணி?”

சத்தம் நின்றது. கதவு தானாகத் திறந்தது. மெத்தையில் இரண்டு பேர் உட்கார்ந்த பள்ளம்.

அந்த ஞாயிறு, அவள் தங்கை தர்ஷனா கொட்டகலையிலிருந்து வந்தாள். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். நடந்ததைச் சொன்னேன்.

“அக்கா கடைசியா உங்களக் கேட்டுச்சுன்னு சொன்னேன்ல மச்சான்... அது பொய்.”

“என்ன சொன்னா?”

“‘தள்ளி உக்காரு தர்ஷனா. குதிரக்காரரு வந்துருக்காரு. மிச்சத்த அவரே வாசிக்கிறாராம்.’”