திருநீறு பூசிய மீன்

பவுனம்மா இறந்துவிட்டாராம். காலையில் வடகவுஞ்சியிலிருந்து அவருடைய மகன் போன் செய்தார். எண்பதைத் தாண்டிய வயது, தூக்கத்திலேயே... கஷ்டப்படவில்லை என்றார்.

இங்கே என் நண்பர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. அறுபதுகளில் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் நான் கிளார்க். அவர் அங்கே ரூம் கூட்டித் துடைக்கும் வேலை. ஏறக்குறைய ஒரே வயதுதான். நான் பேண்ட் போட்டிருந்த ஒரே காரணத்துக்காக என்னை "சார்" என்பார்!

முதலாளி பழனிக்காரர். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை, மலைமேல் இந்த லாட்ஜ். சீசனுக்கு வருகிறவர்கள் அசந்துபோகட்டும் என்று மெட்ராஸிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறு கோல்ட் ஃபிஷ்ஷும் வரவழைத்து ஹாலில் வைத்தார்.

மார்கழிக் குளிர். ஒருநாள் காலையில் பார்த்தால் மீன்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. வால், துடுப்பு, முதுகு எல்லாம் பொடி தூவின மாதிரி.

முதலாளி பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "ஏலே, எல்லாரும் இங்க வாங்கலே! மீனு துன்னூறு பூசி நிக்குது... முருகா!"

அவ்வளவுதான். சூடம், ஊதுபத்தி, தொட்டிக்குச் சாமந்தி மாலை. பஸ் ஸ்டாண்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கும்பிட்டுப் போனார்கள். சிரிக்காதீர்கள்... நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பி.யூ.சி. படித்தவன்!

பவுனம்மா மட்டும் துடைப்பத்தைப் பிடித்தபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சார், மீனு கல்லுல போயி ஒடம்ப ஒரசுது பாருங்க. சாமி வந்தா அரிக்குமாக்கும்?"

அதற்குப் பிறகுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றன. போட்ட தீனி அப்படியே கிடந்தது. ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து வாயை வாயைத் திறந்தது.

இரண்டு மீன் செத்துப்போயின. "முருகன்கிட்ட போயிருச்சு" என்று சொல்லி, முதலாளி பேரிக்காய் மரத்தடியில் புதைத்து அதற்கும் சூடம் ஏற்றினார்.

பவுனம்மா முன்பு ஒரு வெள்ளைக்கார டீச்சர் வீட்டில் வேலை பார்த்தவர். அங்கேயும் மீன்தொட்டி இருந்ததாம். "இது குளிருல வர்ற சீக்கு. சூடும் உப்பும் குடுத்தா கேக்கும்" என்று முதலாளியிடமே போய்ச் சொன்னார்.

"சாமி காரியத்துல வாய வச்சேன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத" என்று பதில் வந்தது.

அந்த வருஷம் பவுனம்மா வீட்டில் போட்ட பூண்டுப் பயிரெல்லாம் மழையில் அழுகிப்போயிருந்தது. இந்த வேலையும் போனால் உலை வைக்க வழியில்லை. லாட்ஜில் எல்லோருக்கும் அது தெரியும்.

தைப்பூசம் வந்தது. முதலாளி கடையைப் பார்க்கப் பழனிக்கு இறங்கினார். திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும்.

அவர் போன கையோடு பவுனம்மா நாலு மீனையும் தொட்டித் தண்ணீரோடு ஒரு பெரிய மண்தொட்டியில் விட்டு, சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கல்லுப்பைக் கரைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினார். தினமும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பாக வேறு தண்ணீர். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி மணிக்கட்டை விட்டு விட்டுச் சூடு பார்ப்பார். "சடக்குனு சூடு ஏறுனா செத்துப்போகும் சார். பைய ஏத்தணும்."

"முதலாளிக்குத் தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல இதுக வெரசா பொழைக்கட்டும். பெறகு பாத்துக்கலாம்."

முதலில் பொட்டு கூடினமாதிரி இருந்தது, எனக்குப் பகீர் என்றது. ஏழெட்டு நாளில் எல்லாம் உதிர்ந்துவிட்டது. கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, மீன்களைத் திரும்ப விட்டார். நாலும் தீனிக்குச் சண்டை போட்டன.

முதலாளி வந்து கேட்டால் சொல்ல நான் ஒரு பொய்யை யோசித்து வைத்தேன். "சாமி தைப்பூசத்துக்குப் பழனிக்கு எறங்கிருச்சுன்னு சொல்லிருவோம்." பவுனம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

முதலாளி வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். நேரே தொட்டிக்குப் போனார். "துன்னூறு எங்கலே?"

நான் தரையைப் பார்த்தேன். யோசித்து வைத்த பொய்கூட வாயில் வரவில்லை.

"நாந்தான் ஐயா," என்றார் பவுனம்மா. "அது துன்னூறு இல்லீங்க, சீக்கு. உப்புப் போட்டுச் சூட்டுல வச்சு எடுத்தேன். வேலைக்கு வர வேணாம்னா போயிக்கிறேன்."

அவர் குனிந்து நாலு மீனையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "அப்ப செத்த ரெண்டும்... நான் சூடம் காட்டிக்கிட்டு இருந்ததுலதான் போச்சா?"

"தெரியாம நடந்தது ஐயா. இதுகளுக்கு இன்னும் தீனி போடல. நீங்களே போடுங்க."

போட்டார். நாலும் அவர் விரலுக்கு ஓடி வந்தன. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொட்டியைச் சமையலறைச் சுவரை ஒட்டி மாற்றச் சொன்னார்.

அதற்குப் பிறகு மீன் சோலி முழுக்கப் பவுனம்மாவுடையது. பங்களாக்காரர்கள்கூட மீன் சுணங்கினால் அவருக்கு ஆள் அனுப்புவார்கள். ரொம்ப சந்தோஷமான வருஷங்கள் அவை.

பவுனம்மா... அன்றைக்கு உங்களைத் தனியாகப் பேசவிட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிவரை ஒரு தடவைகூட நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

போய் வாருங்கள்.